ஒரே பாட்டிலில் பாலிஷும் பாதுகாப்பும்: ஒரு வாடகைக் காரின் கணக்கு

கார் பாலிஷ் பற்றி எழுதப் போகிறேன் என்று வகுப்பில் சொன்னதும், "ஏல, நீயே டவுன் பஸ்லதான வார" என்று சிரித்தார்கள். உண்மைதான். கார் என்னுடையது இல்லை, அப்பாவுடையது. அதுவும் சொகுசுக்கு இல்லை, சோற்றுக்கு. மஞ்சள் போர்டு போட்ட வாடகை வண்டி. 2016 மாடல், சில்வர் கலர். குருவிகுளத்தில் இருந்து சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி என்று ஓடும். சாரல் காலத்தில் குற்றாலம். முகூர்த்த நாளில் யார் கூப்பிட்டாலும் போகும்.

இந்தத் தொழிலில் பெயிண்டின் பளபளப்பு என்பது அழகு சமாச்சாரம் மட்டும் இல்லை. இன்ஜினைத் திறந்து பார்த்து யாரும் வாடகைக்குக் கூப்பிடுவதில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் பானட்டைத்தான் பார்ப்பார்கள். போன வருஷம் தை மாதத்தில் இரண்டு கல்யாண வாடகை புது வண்டிக்காரர்களுக்குப் போய்விட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு பட்டறையில் போய் முழு பெயிண்டுக்கு விலை கேட்டு வந்தார். 38,000 ரூபாய். தங்கச்சிக்கு நர்சிங் முதல் வருஷ ஃபீஸ் கட்ட வேண்டிய வருஷமும் அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பெயிண்ட் அடிக்காமல், இருக்கிற பெயிண்டையே மீட்க முடியுமா? நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இப்போதைய கார்களின் தகட்டின் மேல் பொதுவாக நான்கு அடுக்குகள் இருக்கும். துரு பிடிக்காமல் இருக்க ஒன்று, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே சுமார் 100 மைக்ரான்தான். கிளியர் கோட் மட்டும் சுமார் 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனை விடக் குறைவு! நாம் 'பளபளப்பு' என்று சொல்வதெல்லாம் இந்த மெல்லிய தோலில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் இதன் வேலைதான்.

இதில் பொடிப்பொடியாகக் கீறல் விழுந்தால் வெளிச்சம் நேராகத் திரும்பாமல் சிதறும். அதைத்தான் நாம் 'மங்கிப் போச்சு' என்கிறோம். பாலிஷ் என்பது மிக மெல்லிய உராய்வுத் தூள் கலந்த களிம்பு. பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு. கீறலின் பள்ளத்தை அது நிரப்புவதில்லை, சுற்றியிருக்கும் மேட்டைத் தேய்த்துச் சமமாக்குகிறது. அதாவது ஒவ்வொரு பாலிஷும் அந்த 40 மைக்ரானில் இருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கணக்குப் பாடத்தில் வரும் தேய்மானம் இங்கே உண்மையிலேயே தேய்மானம் :-)

வாக்ஸும் சீலண்டும் வேறு சாதி. அவை எதையும் எடுப்பதில்லை, மேலே ஒரு படலம் விரிக்கின்றன. வாக்ஸில் பேர் பெற்றது கார்னோபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையில் இருந்து எடுப்பது. (நம் ஊர்ப் பனைக்குத் தூரத்துச் சொந்தம்.) சீலண்ட் என்பது செயற்கை பாலிமர். நம் வெயிலில் வாக்ஸ் சில வாரங்களில் போய்விடும், சீலண்ட் சில மாதங்கள் நிற்கும்.

முறையாகச் செய்தால் முதலில் பாலிஷ், பிறகு எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, பிறகு சீலண்ட். இரண்டு பாட்டில், இரண்டு சுற்று. ஆல் இன் ஒன் என்று விற்பவை இந்த இரண்டையும் ஒரே களிம்பில் வைத்திருக்கின்றன. தேய்க்கும்போது தூள் வேலை செய்யும், துடைத்தபின் படலம் தங்கும். ஆட்டோகிளிம் நிறுவனத்தின் சூப்பர் ரெசின் பாலிஷ், மெகுயர்ஸ் நிறுவனத்தின் கிளீனர் வாக்ஸ் எல்லாம் இந்த வகைதான். மெகுயர்ஸ் 1901-இல் அமெரிக்காவில் மர சாமான் பாலிஷ் தயாரிக்கத் தொடங்கிய குடும்பத்தின் கம்பெனி. 2008-இல் 3எம் அதை வாங்கியது.

ஒரே பாட்டிலில் இரண்டு வேலை என்றால் இரண்டுமே முழுசாக இருக்காது. ஆழமான கீறலை இது எடுக்காது. படலமும் தனி சீலண்ட் அளவுக்கு நாள் தாங்காது. ஆனால் தினமும் ஓடும் வண்டியை இரண்டு நாள் நிறுத்திப்போட முடியாதவர்களுக்கு இதுதான் சரி. அப்பாவுக்கு வாடகை இல்லாத ஒரு நாள் கிடைப்பதே பெரிசு.

இனி எங்கள் ஊர் விஷயம். இங்கே கரிசல் மண். காய்ந்தால் மாவு மாதிரி பறக்கும், நனைந்தால் பசை மாதிரி ஒட்டும். அதில் சுண்ணாம்புக் கல் துணுக்குகளும் கலந்திருக்கும். வாடகை வண்டிக்காரர்கள் காலையில் எழுந்ததும் மஞ்சள் துணியால் உலர்வாக ஒரு துடை துடைப்பார்கள் பாருங்கள், கீறல்களில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன. அடுத்தது போர் தண்ணீர். உப்பு அதிகம். வெயிலில் கழுவிக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் தங்கும். சிலர் மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து பூசுவார்கள். அன்று பளபளக்கும், மறுநாள் ஊர்ப் புழுதி முழுவதும் அதில்தான் ஒட்டியிருக்கும்.

இதையெல்லாம் வைத்து நான் பாட்டில் தேர்ந்தெடுத்த விதம் இது:

1. 'ரப்பிங் காம்பவுண்ட்' என்று இருந்தால் வேண்டாம். அது முரட்டு வகை. மெல்லிய தூள், கிளியர் கோட்டுக்கு ஏற்றது என்று போட்டிருக்க வேண்டும்.

2. கையால் தேய்க்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மெஷின் வாங்கும் வசதி நமக்கு இல்லை.

3. வாக்ஸ் மட்டும் உள்ளதா, பாலிமர் சீலண்ட் உள்ளதா என்று பார்க்க வேண்டும். எங்கள் வெயிலுக்கு பாலிமரே மேல்.

4. லேசாகத் துடைத்தாலே வர வேண்டும். சில வகைகள் காய்ந்தபின் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும், கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் அவ்வளவு சுலபத்தில் போகாது.

5. விலையை பாட்டிலுக்குப் பார்க்காமல் ஒரு தடவைக்குப் பார்க்க வேண்டும். (பி.காம் படித்ததற்கு இதாவது உதவட்டும்.)

பாட்டில், நான்கு மைக்ரோஃபைபர் துணி, இரண்டு ஸ்பாஞ்சு எல்லாம் சேர்ந்து 1,450 ரூபாய் ஆனது. நான் பார்த்துப் பார்த்து ஊற்றியதில் ஒரு பாட்டில் ஐந்து தடவைக்கு வரும் போலிருக்கிறது. அப்பா பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தத் தண்ணிக்கா இம்புட்டு ரூவா?" என்றார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் புளியமரத்து நிழலில் நிறுத்தியவர் அவர்தான்.

நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தகடு ஆறியபின் ஆரம்பித்தோம். முதலில் கதவின் கீழ் ஓரத்தில் சோதனை. பிறகு இரண்டடிக்கு இரண்டடியாக, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் களிம்பு எடுத்துத் தேய்த்தோம். காலை ஏழு மணிக்குத் தொடங்கி மத்தியானம் ஒரு மணி ஆனது. தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது.

பலன் என்ன? பானட்டிலும் கதவுகளிலும் மங்கல் போய்விட்டது, எதிர் வீட்டு ஜன்னல் கம்பி அதில் தெரிந்தது. தண்ணீர்ப் புள்ளிகளில் பாதி போனது, மீதி கிளியர் கோட்டுக்குள்ளேயே அரித்து இறங்கியவை, அப்படியேதான் இருக்கின்றன. நகம் மாட்டுகிற கீறல் ஒன்றுகூடப் போகவில்லை. மேற்கூரையில் ஒரு முழ அகலத்துக்குக் கிளியர் கோட் உரிந்திருக்கிறது, அதை நாங்கள் தொடவே இல்லை. அங்கே தேய்க்க ஒன்றும் மிச்சம் இல்லை. அதற்குப் பெயிண்ட் மட்டும்தான் வழி. இதை விளம்பரங்கள் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

வருமான வரிக் கணக்கில் வாடகைக்கு ஓடும் காருக்கு வருஷத்துக்கு 30 சதவீதம் தேய்மானம் போடுவார்கள். தொழிலில் பயன்படும் மற்ற காருக்கு 15 சதவீதம். ஆறு லட்சத்துக்கு வாங்கிய வாடகைக் கார் ஐந்து வருஷத்தில் ஏட்டில் 1,00,842 ரூபாய்க்கு இறங்கிவிடும். ஏட்டைப் பார்த்தால் எங்கள் வண்டி எப்போதோ செத்துப்போனது. ஆனால் நான்கு பேர் உள்ள வீடு அதில்தான் ஓடுகிறது. ஏட்டு மதிப்புக்கும் வீட்டு மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் அன்று தேய்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

தங்கச்சி ஃபீஸ் அந்த 38,000 ரூபாயில் இருந்துதான் போனது. முழு பெயிண்ட் தள்ளிப் போயிருக்கிறது, நின்றுவிடவில்லை. அடுத்து மேற்கூரைக்கு மட்டும் பெயிண்ட் அடிக்கலாம் என்று பேச்சு. அப்புறம் கல்யாண வாடகை வந்ததா என்று கேட்பீர்கள். ஆவணியில் ஒன்று வந்தது. பாலிஷால் வந்ததா, பெண் வீட்டார் தூரத்துச் சொந்தம் என்பதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல எந்த காஸ்ட் அக்கவுண்டிங் முறையும் எனக்குத் தெரியாது.

ஒரு மாற்றம் மட்டும் நிச்சயம். அப்பா இப்போது மஞ்சள் துணியை உலர்வாக வண்டி மேல் வைப்பதில்லை. பக்கத்து வண்டிக்காரர் வைத்தால், "அண்ணாச்சி, முதல்ல தண்ணி ஊத்துங்க" என்கிறார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி இருந்தால் முதலில் அதையே செய்யுங்கள். காசு செலவில்லை. பாட்டிலைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.