மயிலம் சாலையில் மாலைப் பேருந்து

புதுச்சேரியிலிருந்து மயிலம் போகும் சாலையில், நகரத்து நெரிசல் ஓய்ந்து செம்மண் தலைகாட்டும் பக்கத்தில் இருக்கிறது சேதராப்பட்டு. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கிராமம். சட்டமன்றத்துக்கு ஊசுடு தனித் தொகுதி. இங்கே எல்லைக்கோடு நேராக ஓடுவதில்லை. சேதராப்பட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டம் வந்துவிடும். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் சண்டையிலும் சமரசத்திலும் கிராமம் கிராமமாகப் பங்கு போட்டுக்கொண்டதன் மிச்சம் இது. 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. ஆனால் கொம்யூன் என்ற சொல்லும் வளைந்து நெளியும் எல்லையும் அப்படியே தங்கிவிட்டன.

இந்த மண்ணுக்கு அதைவிடப் பழைய கதை ஒன்றும் உண்டு. பக்கத்து ஊரான காரசூரின் பெயரைப் புவியியலாளர்கள் ஒரு சுண்ணாம்புப் பாறை அடுக்குக்கே வைத்திருக்கிறார்கள். ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலின் உயிரினங்கள் கல்லாகி அந்த அடுக்கில் கிடக்கின்றன. இன்னும் சற்று வடமேற்கே திருவக்கரையில் கல்மரங்கள். தெற்கே ஊசுடு ஏரி. அதன் புதுச்சேரிப் பகுதி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. புவியியல், விலங்கியல், வரலாறு என்று மூன்று பாடங்களை ஒரே நாளில் வெளியில் நின்று நடத்தக்கூடிய இடம் புதுச்சேரியில் வேறு எங்கே இருக்கிறது?

இன்றைய சேதராப்பட்டை வெளியூர்க்காரர்கள் அறிவது தொழிற்பேட்டையால்தான். சிறப்புப் பொருளாதார மண்டலம் அமைப்பதற்காக 2000களின் நடுவில் சேதராப்பட்டு, காரசூர் பகுதிகளில் சுமார் 750 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. மண்டலம் வரவில்லை. நிலம் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தது. தொழிற்சாலையும் வரப்பும் கலந்த இத்தகைய ஊரில் ஒரு குடும்பத்தின் நம்பிக்கை எதன் மேல் நிற்கிறது என்று கேட்டால், பிள்ளைகளின் படிப்பு என்றுதான் பதில் வரும். குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் படிப்பு.

ஊரில் அரசுப் பள்ளி இருக்கிறது. ஆனாலும் மேல்வகுப்புக்கு நகரத்துப் பள்ளிகளை நாடும் குடும்பங்கள் புதுச்சேரிக் கிராமங்கள் எல்லாவற்றிலும் உண்டு. அந்தப் பட்டியலில் கன்னியர்கள் நடத்தும் பெண்கள் பள்ளிகளுக்குத் தனி இடம். ‘மடத்துப் பள்ளிக்கூடம்’ என்பார்கள் பெரியவர்கள். ‘சிஸ்டர் ஸ்கூல்ல சேர்த்திருக்கோம்’ என்று சொல்லும்போது அம்மாக்களின் குரலில் ஒரு நிம்மதி தெரியும். கட்டணம், தேர்ச்சி விழுக்காடு எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது அந்த நிம்மதி.

அது ஒரே நாளில் வந்ததல்ல. ஆன்-மரி ஜவுகே என்ற பிரெஞ்சுப் பெண் 1807இல் தொடங்கிய குளூனி புனித சூசையப்பர் சபையின் சகோதரிகள் 1827இல் புதுச்சேரிக்கு வந்தார்கள். நகரத்தில் ‘குளூனி’ என்றால் இன்றும் பள்ளிக்கூடம் ஒன்று நினைவுக்கு வரும்; ரொமன் ரோலண்ட் வீதியில் பெண்கள் அமர்ந்து மேசை விரிப்புகளில் பூவேலை செய்யும் தையற்கூடம் இன்னொன்று. ஊசிநூலைப் பெண்ணுக்கு ஒரு வருமானமாக்கிய கூடம் அது.

அடுத்த அடி இன்னும் முக்கியமானது. 1844 தொடக்கத்தில் ஆயர் போனான் புதுச்சேரியில் கூட்டிய திருச்சபை மாமன்றம், உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதோடு பள்ளிக் கல்வியையும் வலியுறுத்தியது. அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று, பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிச் சபைக் குருவான லூயி சவினியன் துய்புய், பெண்களுக்குக் கற்பிப்பதற்கென்றே உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு ஒரு துறவுச் சபையைத் தொடங்கினார். மரியன்னையின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சபை என்று இன்று அறியப்படுவது அதுதான். மூசே பாதிரியாரோடு சேர்ந்து இரண்டு தொகுதிகளில் (1855, 1862) தமிழ்–பிரெஞ்சு அகராதி தந்தவரும் இதே துய்புய்தான். அகராதியைப் பற்றித் தமிழ் அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். பள்ளியே அவருடைய பெரிய நூல் என்று தோன்றுகிறது.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். எழுத்தும் பாட்டும் தேவதாசிகளுக்கு உரியவை, குடும்பப் பெண்ணுக்கு அடுக்காது என்ற எண்ணம் ஊறிப்போயிருந்த காலம். பாடம் சொல்லித்தர உள்ளூரில் ஆசிரியைகளே இல்லை. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்ப வைப்பதற்கு முன், பாடம் நடத்தப் பெண்களை உருவாக்க வேண்டியிருந்தது. அந்தத் தேவையிலிருந்து பிறந்த சபை இது.

சாதியை ஒளித்து இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. புதுச்சேரிக் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து நிறுத்திய சுவர் பற்றியும், அது இடிக்கப்பட்டபோது எழுந்த தகராறு பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745இலேயே பேசுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பள்ளிகளும் அந்தப் பிரிவினையிலிருந்து தப்பவில்லை. பிறகு வந்த தலைமுறைகள்தான் எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தன. தனித் தொகுதியான ஊசுடு பக்கத்திலிருந்து ஒரு பெண் நகரத்துப் பள்ளிக்குப் போகிறாள் என்றால், அந்தப் பெஞ்சின் அருமையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இத்தகைய பள்ளியில் ஓராண்டு எப்படி நகர்கிறது? புதுச்சேரிக்கெனத் தனிக் கல்வி வாரியம் கிடையாது. அரசுப் பள்ளிகள் அண்மையில் சி.பி.எஸ்.இ.க்கு மாறின, தனியார் பள்ளிகளில் பல தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றுகின்றன. அவற்றுக்கு ஜூன் பிறந்தால் ஆண்டு பிறக்கும். புதுச் சீருடை, மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, அதில் பள்ளி சொன்ன நிறத்தில் ரிப்பன். முதல் வாரங்களிலேயே தலைவர் தேர்தல். பள்ளி மாணவர் தலைவி, அதாவது எஸ்.பி.எல்., அப்புறம் அணித் தலைவிகள், வகுப்புத் தலைவிகள். பதவியேற்பு நாளன்று தோளில் பட்டை, மார்பில் பேட்ஜ். மேடையேறியதும் மைக்கைச் சரிசெய்து கையை முன்னே நீட்டி உறுதிமொழி சொல்லும்போது முதல் வரியில் குரல் தடுமாறும். மூன்றாவது வரியில் உறுதிப்பட்டுவிடும். எதிரே இருப்பவர்கள் அனைவரும் பெண்கள். ‘பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று விலகி நிற்க அங்கே வழி இல்லை. நாற்காலி தூக்குவதிலிருந்து விளையாட்டு விழா அணிவகுப்புக்குக் கட்டளை கொடுப்பது வரை அவர்களே செய்தாக வேண்டும். பெண்கள் பள்ளி தரும் பெரிய கொடை இது.

தலைமை என்றால் பேட்ஜ் மட்டுமல்ல என்பதற்கு இன்னொரு சான்று, கத்தோலிக்கப் பள்ளிகளில் இயங்கும் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம். பெல்ஜியத்தில் தொழிலாளர் இளைஞர்களைத் திரட்டிய யோசேப் கார்டைன் என்ற குரு வகுத்த ‘பார், தீர்மானி, செயல்படு’ என்ற மூன்று படிகளே அதன் அடித்தளம். 1961இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் தம் சுற்றுமடலில் அதே முறையைப் பரிந்துரைத்தார். பள்ளி அளவில் இது மிக எளிமையானது. கழிவறையில் தண்ணீர் வரவில்லையா? முதலில் போய்ப் பார். ஏன் வரவில்லை, யாருக்குக் கஷ்டம் என்று கூடிப் பேசு. பிறகு எழுதிக்கொண்டு போய்த் தலைமையாசிரியை முன் நில். பதின்மூன்று வயதில் இதைப் பழகியவள் முப்பதில் பஞ்சாயத்து அலுவலகத்து வாசலில் தயங்க மாட்டாள்.

செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்தன்று மூத்த மாணவிகள் புடவை கட்டிக்கொண்டு சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பார்கள். பள்ளி நடத்தும் பெண்களை உருவாக்கத்தான் 1844இல் அந்தச் சபை தோன்றியது என்பதை நினைத்தால், அந்த ஒரு நாள் கூத்துக்கு வேறு பொருள் கிடைக்கிறது.

சமய நம்பிக்கையும் பள்ளி ஆண்டின் ஊடே ஓடுகிறது. ஆகஸ்டு 15 நாட்டின் விடுதலை நாள். மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவும் அதே நாள். மறுநாள் 16, பிரான்சு சட்டப்படி உரிமையைக் கைமாற்றிய 1962இன் நினைவு. அக்டோபர் முழுக்க ஜெபமாலை. நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள். திருச்சபைக்கு எல்லாப் புனிதர் நாள். டிசம்பரில் குடில். பிப்ரவரி 11 லூர்து அன்னை திருநாள். தேர்வுக் காலமும் தவக்காலமும் சேர்ந்தே வரும். உயிர்ப்பு ஞாயிறு முடிந்ததும் வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலத்தில் கொடியேறும். 1858இல் லூர்தில் காட்சி நிகழ்ந்து இருபது ஆண்டு ஆகும் முன்பே எழுந்த கோயில் அது. முன்னால் குளம்; கரையில் மெழுகுவர்த்தியோடு நிற்பவர்களில் இந்துக் குடும்பங்களும் நிறைய.

வகுப்பறையிலும் அப்படித்தான். கத்தோலிக்க மாணவிகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போகும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. அரசு உதவி பெறும் பள்ளியில் யாரையும் சம்மதமின்றிச் சமய வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்வது ஒருபுறம். மயிலம் முருகனுக்கு நேர்ந்துகொண்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளை, காலை வழிபாட்டில் கண்மூடி நிற்பதை அவள் வீடும் தவறாக எண்ணவில்லை, பள்ளியும் அவளை மாற்றிவிட எண்ணவில்லை. மதிப்போடு கூட நிற்கப் பழகுவது அங்கே தினமும் நடக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் பெண் எழுத்தறிவு 80.67 விழுக்காடு, ஆண்களுக்கு 91.26. அந்தப் பத்துப் புள்ளி இடைவெளியில் பெரும்பகுதி பாட்டிமார்களின் தலைமுறையில் நின்றுவிட்டது. இன்றைய பெண்ணுக்கு எழுத்து எட்டிவிட்டது. எட்டாமல் நிற்பது பள்ளி மணி அடித்த பிறகு நடப்பவை: பேச்சுப் போட்டிப் பயிற்சி, கோ-கோ, இயக்கக் கூட்டம், நாடக ஒத்திகை. மேலே சொன்ன தலைமைப் பாடம் முழுவதும் அந்த நேரத்தில்தான் நடக்கிறது. மாணவர் சிறப்புப் பேருந்து பள்ளி நேரத்தைக் கணக்கிட்டு ஓடுகிறது. அதை விட்டால் சாதாரணப் பேருந்துக்குக் காத்து நின்று, இருட்டிய பிறகு ஊர் வந்து சேர வேண்டும். எந்த வீட்டிலும் அம்மா சொல்லும் வார்த்தை ஒன்றே: ‘அதெல்லாம் வேணாம்டி, பஸ்ஸுக்கு வந்துரு.’

நகரத்து மாணவி எஸ்.பி.எல். ஆவதற்கும், சேதராப்பட்டு மாணவி கூட்டத்தில் ஒருத்தியாகவே பள்ளியை முடிப்பதற்கும் திறமை காரணமல்ல. புதுச்சேரி அரசும் சாலைப் போக்குவரத்துக் கழகமும் வில்லியனூர், பாகூர் கிராமத் தடங்களில் மாலை ஐந்தரைக்கு மேல் இன்னொரு மாணவர் நடை விட வேண்டும். பள்ளிகளும் தம் பங்குக்கு, தேர்தலையும் இயக்கக் கூட்டத்தையும் பள்ளி நேரத்துக்குள் கொண்டுவரலாம். சேதராப்பட்டு, காரசூர், தொண்டமாநத்தம் பெற்றோர் சேர்ந்து ஒரு மனு எழுதினால் தொடங்கிவிடும் வேலை இது. வரும் ஜூனுக்குள் எழுதிவிடுங்கள்.