ஒரு சொல்லின் விலை

சென்ற மாதம் எனது பழைய மாணவியொருத்தி காப்புறுதி நிறுவனத்தின் கடிதத்துடன் வீடு தேடி வந்தாள். பாடசாலைப் பதிவேட்டில் அவளை ஆணென்றே எழுதியிருந்தோம். நமது சுகாதார அமைச்சின் 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்றவள் அவள். வைத்தியர்கள் அவசியமென்று கூறிய சத்திரசிகிச்சைக்குப் பணம் தர நிறுவனம் மறுத்துவிட்டது. காரணம், ‘அழகூட்டும் சிகிச்சை’ என்ற ஒரு சொல்.

“சேர், நீங்கள் தமிழ் படிப்பித்தவர். இந்தச் சொல் எனக்குப் பொருந்துமோ?”

நான் தலைகுனிந்தேன். வகுப்பில் பெயர் கூப்பிடுகையில் மௌனமாய் நின்ற அப்பிள்ளையை ஒழுக்கமற்றவனென்று தண்டித்தவனல்லவா நான்!

ஏட்டிலேறிய சொல் எளிதில் இறங்குவதில்லை. அமெரிக்காவில் முதியோருக்கான அரச காப்புறுதியாகிய மெடிகெயார், ‘இது பரிசோதனை நிலையிலுள்ளது’ என்ற 1981ஆம் ஆண்டு அறிக்கையொன்றை ஆதாரமாக்கி, 1989இல் இச்சிகிச்சையை விலக்கிற்று. மருத்துவம் வளர்ந்தது, அச்சொல் மட்டும் அசையவில்லை. முன்னர் படையிற் பணிபுரிந்த 74 வயதுப் பெண்மணியொருவர் முறையிட்ட பின்னரே, 2014 மே 30இல் மேன்முறையீட்டுச் சபை அவ்விலக்கைச் செல்லாததாக்கிற்று. அறிக்கை எழுதி 33 ஆண்டுகள்! அதற்குள் வசதியுள்ளோர் பணங்கொடுத்துச் சிகிச்சை பெற்றிருப்பர். ஏழைகள் காத்திருந்தே முதுமையுற்றிருப்பர்.

வைத்தியர் தேவையென்பதை இலாபக் கணக்கு அலங்காரமென்கிறது. இச்சொல்லை எதிர்ப்பது மொழியாசிரியனின் கடமையுமாகும்.

அன்றிரவு இருவருமாக மேன்முறையீட்டுக் கடிதம் எழுதினோம். முடிவில் அவள் தன் பெயரை எழுதினாள். நான் ஒருநாளும் கூப்பிடாத பெயர் அது.