கத்தினால் உயிர் இருக்கிறது

“ஃபேன் எல்லாம் சுத்துது, லைட்டும் எரியுது, டிஸ்ப்ளே மட்டும் வரலண்ணா.” சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கிப் போய் வீட்டிலேயே சிஸ்டம் அசெம்பிள் செய்கிற பையன்கள் என் சர்வீஸ் மேஜைக்கு வரும்போது அநேகமாக இந்த வாக்கியத்தோடுதான் வருகிறார்கள். ஃபேன் சுற்றுவதை நல்ல சேதியாகச் சொல்வார்கள். நான் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் கொடுத்தாலே ஃபேன் சுற்றும். சில போர்டுகளில் பிராசஸரே இல்லாவிட்டாலும் சுற்றும்.

பவர் பட்டனை அழுத்தியதும் நடப்பது ஒரு வரிசை. முதலில் எஸ்எம்பிஎஸ் விழித்து, எல்லா வோல்டேஜும் நிலைப்பட்ட பிறகு ‘கரண்ட் சரி’ என்று போர்டுக்கு ஒரு சிக்னல் தரும். அதற்கப்புறம்தான் போர்டு பிராசஸரை ரீசெட்டிலிருந்து விடுவிக்கும். பிராசஸர் பயாஸ் சிப்பிலிருந்து முதல் கட்டளையைப் படிக்கும், ராமைத் தேடிப் பிடிக்கும், பிறகு கிராஃபிக்ஸை எழுப்பும். படம் வருவது இத்தனைக்கும் பின்னால். ஆகவே ‘டிஸ்ப்ளே வரல’ என்பது நோயின் பெயர் இல்லை. வரிசை நடுவில் எங்கோ நின்றுவிட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

ஸ்க்ரூடிரைவரை எடுக்குமுன் இரண்டு இடங்களை மட்டும் பார்ப்பேன். ஒன்று, மானிட்டர் கேபிள் எதில் செருகியிருக்கிறது? 12400எஃப் மாதிரி ‘எஃப்’ போட்ட இன்டெல் பிராசஸரிலும் ரைசன் 5 5600-லும் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. போர்டின் பின்பக்கத்தில் எச்டிஎம்ஐ துவாரம் மட்டும் இருக்கும். அதில் செருகிவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாலும் படம் வராது. கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டில் மாட்ட வேண்டும். இரண்டாவது, பிராசஸருக்கான தனிப் பவர். 24 பின் கனெக்டரைப் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்து, போர்டின் மேல் மூலையில் இருக்கும் 8 பின் கனெக்டரை விட்டுவிடுவார்கள். அப்போதும் ஃபேன் ஜோராகச் சுற்றும்.

இந்த இரண்டும் சரியாக இருந்தால் கழற்ற ஆரம்பிப்பேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு மாற்றிப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். வேறு ராம், வேறு கார்டு, வேறு எஸ்எம்பிஎஸ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றி, படம் வந்ததும் சிரிப்பார்கள். எதனால் வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. எனக்கு அதை ரிப்பேர் என்று சொல்ல மனசு வராது. ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி, யூஎஸ்பி சாமான்கள், கேபினெட்டின் முன்பக்க ஒயர்கள், கடைசியில் ராம் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு போர்டு, பிராசஸர், கூலர், எஸ்எம்பிஎஸ் மட்டும் மிச்சம் வைப்பேன். ஸ்பீக்கர் பின்னில் ஒரு சின்ன பஸ்ஸரை மாட்டிவிட்டு, பவர் பின் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டு ஆன் செய்வேன்.

ராம் இல்லாத போர்டு கத்த வேண்டும். கத்தினால் பிராசஸர் வேலை செய்கிறது, பயாஸ் ஓடுகிறது, போர்டுக்கு உயிர் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கத்தாவிட்டால் ராமின் மேல் பழி போட்டுப் பயனில்லை; பவர், பிராசஸர், சாக்கெட் பின், பயாஸ் என்று பின்னால் போக வேண்டும். திரையில் எழுத்து வருமுன் கோளாறைச் சொல்ல வேறு வழி இல்லாததால் வந்த ஏற்பாடு இது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியே ஒரு நெடிய ஒலியும் இரண்டு குறுகிய ஒலியும் எழுப்பினால் கோளாறு டிஸ்ப்ளே பக்கம் என்று அர்த்தம். இன்றைய போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கருக்குப் பதில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நாலு சின்ன எல்இடி இருக்கிறது. எது அணையாமல் நிற்கிறதோ, வரிசை அங்கே நின்றிருக்கிறது. ராத்திரியில் கண்ணைக் கூசுகிறது என்று அதன் மேல் டேப் ஒட்டி வைத்திருந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.

சமீப காலமாக அந்த டிராம் விளக்குதான் அதிகம் பயமுறுத்துகிறது. ஏஎம்5 போர்டு, டிடிஆர்5 ராம், புத்தம் புது சிஸ்டம். ஆன் செய்தால் திரை கறுப்பு, டிராம் விளக்கு எரிகிறது. பையன் அரை நிமிஷம் பார்த்துவிட்டு ஆஃப் செய்வான், மறுபடி ஆன் செய்வான். உள்ளே நடப்பது பழுதே இல்லை. அந்த ராமோடு எந்த நேரக்கணக்கில் பேசினால் தகவல் பிழையில்லாமல் வரும் என்று போர்டு அளந்துகொண்டிருக்கிறது. முதல் முறை அதற்குச் சில நிமிஷம் பிடிக்கும். நாலு ராம் போட்டால் இன்னும் கூடும். நடுவில் அணைத்தால் அளவை முதலிலிருந்து தொடங்கும். அப்படி ஒரு சிஸ்டம் என் மேஜைக்கு வந்தது. இரண்டு ராமையும் ஏ2, பி2 ஸ்லாட்டில், அதாவது பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நாலாவதிலும், கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டி ஆன் செய்தேன். “தம்பி, போய் டீ சாப்பிட்டு வா” என்றேன். அவன் திரும்பி வரும்போது பயாஸ் திரை திறந்திருந்தது.

பழைய டிடிஆர்3 ராம்களின் கதை வேறு. சென்னையின் ஈரக் காற்றில் அதன் தங்கப் பட்டைகள் மங்கிப்போகும். ஸ்கூல் ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டினால் பாதி சிஸ்டம் எழுந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவர்களும் இருக்கிறார்கள். தங்கப்பூச்சு போனபின் அந்த ராம் நெடுநாள் நிற்காது.

மேஜையில் அட்டைப்பெட்டியின் மேல் வைத்தால் படம் வருகிறது, கேபினெட்டுக்குள் திருகினால் வரவில்லை என்றால் எனக்குச் சந்தோஷம்தான். தேட வேண்டிய இடம் சுருங்கிவிட்டது. கேபினெட் தகட்டில் போர்டைத் தூக்கி நிறுத்தும் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்களை எண்ணுவேன். சின்ன மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுக்கு என்று போட்டு வைத்த ஒன்று, பெரிய ஏடிஎக்ஸ் போர்டின் துளையில்லாத இடத்தில் முட்டிக்கொண்டு பின்பக்க ஈயத்தை ஷார்ட் செய்துகொண்டிருக்கும். அதைக் கழற்ற இடுக்கி போதும்.

படம் வந்ததும் கேபினெட்டை மூடிக் கையில் கொடுத்துவிடுவதில்லை. கழற்றியதை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டி, ஒவ்வொரு தடவையும் ஆன் செய்து பார்ப்பேன். எல்லாம் ஏறிய பிறகு பிளக்கைப் பிடுங்கி, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் கடை திறந்ததும் போடுவேன். சூட்டில் மட்டும் ஓடி, ஆறியபின் அடம்பிடிக்கிற சாமான்கள் அப்போதுதான் அகப்படும். “டிஸ்ப்ளேதான் வந்துருச்சேண்ணா, இன்னிக்கே குடுங்க” என்று பையன்கள் கெஞ்சுவார்கள். நாளைக்கு வா என்று அனுப்பிவிடுவேன்.