கோழிக்கோட்டில் கற்ற வண்ணச் சோப்பு

மாலையில் யஷ்வந்தபுரத்தில் ரயிலேறினோம். சேலமும் ஈரோடும் கோவையும் எங்கள் உறக்கத்தினூடே கடந்து போயின. பிறந்த நாட்டை இருளில் கடந்துவிட்டுப் பாலக்காட்டுக்கு அப்பால் கண் விழிப்பது பெங்களூர்த் தமிழருக்கு ஒரு விசித்திரமான அனுபவந்தான். பாரதப் புழையின் மணல் திட்டுக்களைப் பார்த்தபடியே காப்பி அருந்தினோம். காலையில் கோழிக்கோடு வந்து சேர்ந்தோம்.

நாங்கள் என்றால் சங்கத்தின் மாதர் பிரிவைச் சேர்ந்த மூவர். கடலைக் காண்பதற்காகவோ அல்வா வாங்குவதற்காகவோ நாங்கள் புறப்படவில்லை. எங்களுள் ஒரு சகோதரியின் மகளுக்குத் தை மாதத்தில் திருமணம். தாம்பூலப் பையில் வீட்டிலேயே செய்த வண்ணச் சோப்பை வைத்துத் தருவதாக அவர் சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிவிட்டார். கடையில் வாங்கிக் கொடுக்க அவருக்கு வசதி போதாது. சொன்ன சொல்லைக் காக்க நாங்களும் கைகொடுத்தோம். முதல் தொகுதி எப்படி முடிந்தது என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மணத்துக்கென்று கிராம்புத் தைலத்தை விட்டதும் கலவை களியைப் போல் திரண்டுவிட்டது. சிவப்புக்காகச் சேர்த்த பீட்ரூட் சாறு பழுப்பாயிற்று. ரோஜாவும் பொன்னுமாகச் சுழல வேண்டிய சோப்பு சேற்றுக் கட்டியாக வந்து நின்றது.

அண்டை வீட்டார் ஒருவர் வழியாகக் கோழிக்கோட்டு அம்மையார் ஒருவரைப் பற்றி அறிந்தோம். பல ஆண்டுகளாக வீட்டில் சோப்பு செய்பவர் அவர். சோப்புக்குக் கோழிக்கோடு புதிய ஊரன்று. 1914இல் சென்னை மாகாண அரசு இங்கே ஒரு சோப்பு நிலையத்தைத் தொடங்கிற்று. மலபார் 1956 வரை சென்னையோடு சேர்ந்திருந்த பகுதியல்லவா? போகிற வழியில் மிட்டாய்த் தெருவைக் கடந்தோம். சிவப்பும் பச்சையும் கறுப்புமாக அல்வாப் பாளங்கள் அடுக்கியிருந்தன. அவற்றைக் கண்டதும் எங்கள் தோல்விச் சோப்பே நினைவுக்கு வந்தது. அல்வாவுக்கும் இவ்வூரார் தேங்காயெண்ணெயைத்தான் விடுகிறார்கள்.

அம்மையார் எங்களை "மோளே" என்று அழைத்து, முதலில் புட்டும் கடலையும் பரிமாறினார். பிறகுதான் பாடம் தொடங்கிற்று.

"வெறும் தேங்காயெண்ணெய் அவசரக்காரி, கோலம் போட நேரம் தரமாட்டாள்" என்றார். அவர் கணக்கு இது: தேங்காயெண்ணெய் 400 கிராம், ஆலிவ் எண்ணெய் 600 கிராம், காஸ்டிக் சோடா 146 கிராம், தண்ணீர் 300 கிராம். ஒவ்வோர் எண்ணெய்க்கும் சோடாவின் அளவு வேறு. ஆகையால் எண்ணெயை மாற்றினால் கணக்கையும் மாற்றியாக வேண்டும். ஆலிவ் எண்ணெயின் விலையைக் கேட்டு எங்களுக்குப் பகீரென்றது. எனினும் குப்பைக்குப் போன முதல் தொகுதியை எண்ணி வாய் திறக்கவில்லை. தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணியச் செய்து, பேரக் குழந்தைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிய பின்னரே அவர் பொட்டலத்தைப் பிரித்தார்.

வண்ணத்தைப் பற்றி அவர் சொன்னது எங்களுக்குப் பெரும் வியப்பாக இருந்தது. மஞ்சள் கரைத்த எண்ணெயில் சோடா நீர் பட்டதும் சிவந்தது. நாம் ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்க்கும்போது நிகழ்வதும் இதுவே அன்றோ! இத்தனை நாளும் இது எங்களுக்குத் தோன்றவில்லையே என்று வெட்கினோம். சோப்பு முதிர்ந்து காரம் தணியத் தணிய அந்தச் சிவப்பு மெல்ல மாறி, மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் வந்து நிற்குமாம். வெயில் பட்டால் வெளிறுமாம். கூந்தல் தைலத்துக்கு நாம் ஊறவைக்கும் வேம்பாளம் பட்டை எண்ணெயைச் சிவப்பாக்கும். சோப்பிலோ அதுவே ஊதாவாகிவிடுகிறது. கரித்தூளும், தூய்மை செய்து விற்கும் செங்களிமண்ணும் நிறம் மாறாதவை. காய்களின் சாற்றையும் பூக்களின் சாற்றையும் மறந்துவிடச் சொன்னார். எந்தப் பொடியையும் ஒரு கரண்டி எண்ணெயில் கட்டியின்றிக் குழைத்த பின்னரே கலவையில் சேர்க்க வேண்டும்.

இனி, சுழிக்கோலம். எண்ணெயும் சோடா நீரும் 35 முதல் 40 டிகிரிச் சூட்டுக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்தார். கை பிளெண்டரைச் சில விநாடி ஓட்டுவதும் நிறுத்திக் கரண்டியால் கிளறுவதுமாக இருந்தார். நாங்கள் சென்ற முறை அதை நிறுத்தாமல் ஓட்டியிருந்தோம். கரண்டியிலிருந்து சொட்டும் கலவை மேற்பரப்பில் ஒரு கோடாக நின்று, கண் இமைப்பதற்குள் கரைந்து போயிற்று. "இப்போது!" என்று நிறுத்தினார். நீர்மோரைப் போல் இருந்தால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து சாம்பலாகும். இட்லி மாவாகிவிட்டால் கோடு ஓடாது. மூன்று நிறமும் ஒரே பதத்தில் இருப்பது அவசியம். உயரத்திலிருந்து ஊற்றிய நிறம் அச்சின் அடிவரை சென்றது. தாழ்வாக ஊற்றியது மேலேயே தங்கிற்று. பின்னர் ஓர் ஈர்க்குச்சியை விட்டு நான்கே இழுப்பு இழுத்தார். எங்களுள் ஒருவர் ஆசையால் ஐந்தாவது இழுப்புக்குக் கை நீட்டினார். அம்மையார் மெதுவாக அந்தக் கையைப் பற்றிக்கொண்டார்.

அன்றிரவு அங்கேயே தங்கினோம். மறுநாள் மாலை பாளத்தைத் துண்டு போட்டபோது, மேலே கண்ட கோலம் வேறு, வெட்டுமுகத்தில் கண்ட கோலம் வேறு. ஒவ்வொரு துண்டிலும் ஊதாவும் பொன்னும் வெவ்வேறாக நெளிந்தன. மணமகளின் தாயார் ஒரு துண்டைக் கையுறைக் கையில் ஏந்தி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களில் யாரும் பேசவில்லை.

ஆறு வாரம் காற்றாட அடுக்கி வைக்க வேண்டும். நாங்கள் திரும்பியது ஐப்பசிக் கடைசியில். திருமணம் தை நடுவில். 150 துண்டுகள் தேவை. ஒரு தடவைக்கு 14 துண்டு வீதம் பதினொரு தடவை ஊற்ற வேண்டும். இதுவரை ஒன்பது தடவை ஆகிவிட்டது. நான்காவதில் மட்டும் பதம் தவறி ஊதா மங்கிற்று. அந்தப் பதினான்கையும் தம் வீட்டுக்கே வைத்துக்கொள்வதாகச் சகோதரி சொல்லியிருக்கிறார்; ஆகவே பன்னிரண்டாவது தடவை ஒன்றும் ஊற்றியாக வேண்டும். ஞாயிறன்று கை ஒழிந்திருக்கும் சகோதரிகள் கையுறையோடு வந்து சேரலாம்.