தம்பி பொய் சொல்லாது

எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பொய் சொல்ல வராது என்று என் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நான் பொய் சொன்னேன். அந்த நம்பிக்கை என்னைக் காப்பாற்றும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

மிக்ஸி சத்தம் எனக்குத் தாங்காது; காதோடு நிற்காமல் பல்லுக்குள் இறங்கும். ஒரு நாள் காலை, சமையலுக்கு வரும் அக்கா கொல்லைப்பக்கம் போயிருந்தபோது மிக்ஸியின் மோட்டாரில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். அவர் வந்து சுவிட்சைப் போட்டதும் கருகல் வாடை வந்தது. அவருக்கு ஷாக் அடித்திருக்கலாம் என்பது அன்று என் புத்தியில் ஏறவே இல்லை.

அம்மா அவரைத் திட்டினார். அக்கா என் பக்கம் திரும்பி, "தம்பியக் கேளுங்கம்மா, தம்பி பொய் சொல்லாது" என்றார். "அக்கா கழுவும்போது தண்ணி போயிருக்கும்" என்றேன். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. ரிப்பேர் செலவை அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த மாதத்தோடு அவர் நின்றுவிட்டார்.

எங்களுக்குப் பொய் வராது என்ற எண்ணத்துக்கு வலு சேர்த்தது 1985இல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, யூட்டா ஃப்ரித் மூவரும் வெளியிட்ட ஆய்வு. சாலி என்ற பொம்மை கூடையில் கோலிக்குண்டை வைத்துவிட்டுப் போகும்; அது இல்லாத நேரத்தில் ஆன் என்ற இன்னொரு பொம்மை குண்டைப் பெட்டிக்கு மாற்றிவிடும். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர், குண்டு மாறியது சாலிக்குத் தெரியாது என்பதை விட்டுவிட்டு, பெட்டியைக் காட்டினார்கள். அடுத்தவர் மனதில் இருப்பதை ஊகிக்க முடியாதவருக்குப் பொய்யும் வராது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். மீதி 4 பேர் சரியாகச் சொன்னதை வெளியே அதிகம் பேசுவதில்லை. 2011இல் வந்த இன்னொரு ஆய்வில், ஒளித்துவைத்த பொம்மையை எட்டிப்பார்த்த ஆட்டிசக் குழந்தைகளும் 'பார்க்கவில்லை' என்று பொய் சொன்னார்கள். அடுத்த கேள்வியில்தான் மற்றக் குழந்தைகளைவிட எளிதாக அகப்பட்டார்கள்.

நானும் அகப்பட்டிருப்பேன். 'அவள் கழுவும்போது நீ எங்கே இருந்தாய்?' என்று அம்மா கேட்டிருந்தால் உளறியிருப்பேன். கேட்கவில்லை.

சத்தம் தாங்காமல் போனதற்கு ஆட்டிசம் காரணம். பொய்க்கு அது காரணமில்லை. திட்டு விழுமே என்ற பயம் காரணம். எதிர்த்துப் பேச முடியாத ஒருவர் பக்கத்தில் இருந்தார் என்பது காரணம்.

பிறகு அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். "உனக்கு அதெல்லாம் செய்யத் தெரியாதுடா" என்றார். எந்தச் சொம்பு, எங்கே நின்று ஊற்றினேன் என்று காட்டிய பிறகே நம்பினார். பிடித்த பணத்தை அனுப்பினோம். போனில் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல தம்பி" என்றார் அக்கா. மறுபடி வேலைக்கு வரவில்லை.

ஆட்டிசம் உள்ள பலர் நட்டம் வரும் என்று தெரிந்தும் உண்மையைச் சொல்கிறார்கள். அது அவர்கள் நேர்மை. அதைப் 'பொய் சொல்லத் தெரியாத குறை' ஆக்காதீர்கள். என் போன்றவர்களுக்கு ஒளிந்துகொள்ள இடமும் கொடுக்காதீர்கள். எங்களிடமும் இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள். வீட்டு வேலைக்கு வருபவரின் சொல்லையும் அதே காதால் கேளுங்கள்.