மருந்து இருந்தும் ஏன் ஒரு சங்கம்?

சுங்கை பட்டாணி

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். மான்செஸ்டருக்கு விசா எடுக்கும்போது மார்பு எக்ஸ்ரே கேட்டார்களே, டிபி இன்னுமா இருக்கிறது, மருந்து வந்த பிறகும் அதற்கென்று ஒரு சங்கம் எதற்கு என்று போனில் கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை.

பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் நம்மவர்கள் லயத்து வீடுகளில்தான் இருந்தார்கள். பத்துக்குப் பத்து அறைக்குள் பெற்றோர், பிள்ளைகள், பாட்டி என்று எல்லாரும் படுக்க வேண்டும். காசநோய்க் கிருமி காற்றில் பரவுவது. ஒருவர் இருமினால் அந்தக் காற்றுதான் மற்றவர்களுக்கும். ஆனாலும் நோய் கண்டவர் வாய் திறக்க மாட்டார். வெட்டுக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. வீடு தோட்டத்துடையது, வேலை போனால் வீடும் போகும். வயதுக்கு வந்த பெண் இருந்தால் சம்பந்தம் பேச யாரும் வரமாட்டார்கள் என்ற பயம் வேறு. இரத்தம் துப்பிய பிறகுதான் தோட்டத்து டிரசரிடம் போவார்கள்.

இந்த நோய்க்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்டும் வழக்கம் பழையது. 1904-இல் டென்மார்க்கில் ஐனார் ஹோல்போல் என்ற தபால் ஊழியர், கிறிஸ்துமஸ் வாழ்த்து உறைகளில் ஒட்டச் சிறு வில்லைகள் அச்சடித்து விற்று, அந்தக் காசைக் காசநோயாளிகளுக்குச் செலவிடலாம் என்றார். பார்வைக்கு முத்திரை மாதிரி இருக்கும், தபாலுக்குச் செல்லாது. இங்கே மலாயா காலத்திலேயே தோன்றிய காசநோய்த் தடுப்புச் சங்கமும் அப்படி வில்லை விற்றுப் பணம் சேர்த்தது. அதே காலத்தில், 1952 முதல் 1954 வரை ஹை கமிஷனராக இருந்த டெம்ப்ளரின் மனைவி முன்னின்று நிதி திரட்டியதில், செராஸில் காசநோய் மருத்துவமனை ஒன்று எழுந்தது. லேடி டெம்ப்ளர் என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

1944-இல் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952-இல் ஐசோனியசிட்டும் சிகிச்சைக்கு வந்துவிட்டன. ஆனால் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் குணமாகும் என்றே எல்லாரும் நம்பினார்கள். அன்றாடங்காய்ச்சிக்கு அது எப்படி முடியும்?

அதற்குப் பதில் சென்னையிலிருந்து வந்தது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தலைமையில், நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும். மறுபாதிக்கு நெரிசலான சொந்த வீட்டிலேயே சிகிச்சை. இரு பாதியினருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக்கு. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள்; அவர்களோடு வாழ்ந்தவர்களுக்குக் கூடுதல் ஆபத்தும் வரவில்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகத்தின் காசநோய் வைத்திய முறையையே திருப்பிப் போட்டது. நம் லயத்து ஜனங்களைப் போன்ற ஏழைத் தமிழர்கள் மருந்தை ஒழுங்காக விழுங்கி நிரூபித்த உண்மை இது. மலாயாவில் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் 1961-இல் தொடங்கியது. பிறந்த குழந்தைகளுக்கு பிசிஜி ஊசியும் வந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டில் அவசியமில்லை என்றானபின், முழுப் பொறுப்பும் நோயாளியின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. சிக்கலும் அங்கேதான். இன்று சிகிச்சை குறைந்தது ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு. கிளினிக்கில் தாதியின் கண்ணெதிரே விழுங்க வேண்டும். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும்; முன்கூட்டியே சொல்லாவிட்டால் இரத்தம் என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். சில வாரத்தில் இருமல் நின்று உடம்பு தேறியதும், இனி எதற்கு என்று நிறுத்துகிறவர்கள் அவர்களைவிட அதிகம். மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வரக்கூடும். மாத்திரைக்குக் குடிமக்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. பஸ் கட்டணமும், இழந்த நாள் கூலியும், வீட்டு அரிசியும் அவர்கள் தலையில்தான். வசதியற்றவர்களுக்குக் கைகொடுப்பதும், கூச்சப்பட வேண்டிய நோயல்ல இது என்று ஊருக்குச் சொல்வதும்தான் சங்கத்தின் பணி. அந்த ஆறு மாதத்தை ஒருவர் கடந்து முடிக்க, மருந்தைப் போலவே இதுவும் வேண்டும்.

தோட்டங்கள் செம்பனைக்கும் தாமான்களுக்கும் போய்விட்டன; நோய் போகவில்லை. 2023-இல் மலேசியாவில் 26,000-க்கு மேற்பட்டவர்களுக்குக் காசநோய் கண்டார்கள். நாம் அன்று லயத்தில் நெருக்கியடித்து வாழ்ந்ததைப் போல இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்கள் விடுதிகளில் வாழ்கிறார்கள். அவர்களைப் பார்த்து முகம் சுளிக்க நமக்கு உரிமையே கிடையாது.

நம் குடும்பத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீரிழிவு இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. சிகரெட்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். உன் அப்பாவுக்கு இரண்டும் உண்டு. நான் சொன்னால் கேட்க மாட்டான், நீ சொன்னால் கேட்பான். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் கிளினிக்கில் சளி பரிசோதனைக்குப் போகச் சொல். மார்ச் 24 உலகக் காசநோய் தினம். உன்னால் முடிந்ததை அன்றைக்குள் சங்கத்துக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா