சாட்சி கேளாமல் மோட்டாரைக் குற்றம் சொல்லாதீர்



குளிர்நாட்டில் வண்டியின் ஹீட்டர் சொகுசுக்கான சாதனம் அன்று, பார்வைக்கான சாதனம். நாங்கள் வசிக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சனவரி மாதத்தில் சில நாள் வெப்பநிலை மைனஸ் 20 பாகைக்கும் கீழே இறங்கும். உள்ளே இருப்போர் விடும் மூச்சு முன்கண்ணாடியில் படிந்து உறைந்துவிடும். வெப்பக்காற்று வீசினால்தான் பாதை தெரியும். காயல்பட்டினத்துக் கடற்காற்றில் வளர்ந்த எனக்கு இவ்வுண்மை முதல் குளிர்காலத்தில்தான் விளங்கியது.

எங்கள் அயல்வீட்டுக் காக்கா காத்தான்குடியைச் சேர்ந்தவர். வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளி. பழைய பிக்கப் ஒன்றே அவருக்குப் பிழைப்பு. அதிலேயே மகள்மார் இருவரையும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். சென்ற குளிர்காலத்தில் ஹீட்டரின் ப்ளோவர் மோட்டார் ஓடாமல் நின்றது. பணிமனை ஒன்றில், எதையும் அளந்து பாராமலே, "மோட்டாரை மாற்ற வேண்டும்" என்று கூறி ஒரு வாரக் கூலிக்கு மேல் கேட்டார்கள். வேலை குறைந்த காலம் அது. "மௌலவி, நீங்கள் ஒருக்கா பாருங்களேன்" என்றார். இளமையில் என் மாமாவின் வயரிங் கடையில் மல்டிமீட்டர் பிடித்துப் பழகியவன் நான்.

எஞ்சினைக் குளிர்விக்கும் நீரே வெப்பத்தைத் தருகிறது. ப்ளோவரின் வேலை அவ்வெப்பத்தைக் காற்றாக உள்ளே தள்ளுவது மட்டுமே. அதற்கான மின்சாரம் ஃபியூஸ், ரிலே, இணைப்பான், மோட்டார் என்று வந்து, வண்டியின் இரும்பு உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. இவற்றுள் எது அறுந்தாலும் மோட்டார் ஓடாது. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

உச்ச வேகத்தில் மட்டும் ஓடினால் பெரும்பாலும் ரெசிஸ்டரே பழுது. பல வண்டிகளில் உச்ச வேகத்திற்கான மின்சாரம் அதனைத் தவிர்த்துச் செல்கிறது. மோட்டாரை மெல்லத் தட்டியதும் ஓடினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கக்கூடும். காக்காவின் வண்டியில் எந்த வேகத்திலும் அசைவில்லை. ஃபியூஸின் இருபுறமும் மின்சாரம் இருந்தது. அதே எண்ணுள்ள வேறொரு ரிலேயை மாற்றிச் செருகியும் பயனில்லை.

பயணி இருக்கைக்கு முன், டேஷ்போர்டின் அடியில் மோட்டார் இருந்தது. இணைப்பானைக் கழற்றி அளந்தேன். 12 வோல்ட் காட்டியது. மின்சாரம் வருகிறது, மோட்டார் ஓடவில்லை; எனவே மோட்டார்தான் குற்றவாளி என்று பலர் இங்கேயே தீர்ப்பு எழுதிவிடுவர். ஆனால் சுமையில்லாத கம்பியில் துருப்பிடித்த இணைப்பும் முழு வோல்ட்டைக் காட்டும். சுமை ஏறும்போதே அதன் உண்மை வெளிப்படும். மனிதர்களும் அப்படித்தானே!

இணைப்பானை மீண்டும் பொருத்தி, வேகத்தை உச்சத்தில் வைத்து, பின்புறமாக ஊசிகளைச் செருகி அளந்தேன். மோட்டாருக்கு 2 வோல்ட்கூடக் கிடைக்கவில்லை. பின்பு மோட்டாரின் எதிர்மின் முனைக்கும் வண்டியின் சுத்தமான இரும்புக்கும் இடையே அளந்தேன். 10 வோல்ட்டுக்கு மேல் இருந்தது. அங்கே ஏறத்தாழ எதுவும் இருக்கக் கூடாது. திரும்பும் வழியில்தான் அடைப்பு.

அக்கம்பியைப் பின்தொடர்ந்தோம். கால்வைக்கும் இடத்தின் ஓரத்தில், தரைவிரிப்புக்கு அடியில், அதனை இரும்போடு இணைக்கும் போல்ட் துருவேறிப் பச்சை படிந்திருந்தது. பனி உருகச் சாலையில் தூவும் உப்பு, காலணிகளோடு உள்ளே வந்து செய்த வேலை அது. பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, புதுப் போல்ட் இட்டு இறுக்கினோம். அல்ஹம்துலில்லாஹ், மோட்டார் ஓடியது. புதிய மோட்டாரை வாங்கியிருந்தால் அதுவும் அதே துருவின் முன் அசையாமல் நின்றிருக்கும்.

இருவிடயங்களை நினைவிற்கொள்ளுங்கள். ஃபியூஸ் எரிந்தால் அதே அளவுள்ளதையே இடுங்கள். பெரியதை இட்டால் அடுத்து எரிவது கம்பியாக இருக்கும். ரெசிஸ்டர் மீண்டும் மீண்டும் கருகினால், இறுகிய மோட்டார் மிகுந்த மின்சாரம் இழுக்கிறதா, காற்றுவழியில் இலைகள் அடைத்துள்ளனவா என்று பாருங்கள். பணிமனைக்கே செல்வதானாலும், "அளந்து பார்த்தீர்களா?" என்று பணிவோடு கேளுங்கள். அப்படிக் கேட்கும் உரிமை பணம் கொடுப்பவருக்கு உண்டு.